எகியின் இடது காலும் மூன்று போலந்துக் குளிர்காலங்களும்

இந்தோனேசியக் கால்பந்து ஆட்டக்காரன் எகி மௌலானா விக்ரியைப் பற்றி "ஐரோப்பாவுக்குப் போய் ஒன்றும் கிழிக்காமல் திரும்பி வந்தவன்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் இந்தோனேசிய நண்பர்கள் நிறைய உண்டு, அவர்களோடு சேர்ந்து அவர்கள் நாட்டுக் கால்பந்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவர்களிலேயே பாதிப் பேர் எகியின் பெயரை எடுத்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பதினேழு வயதில் "இந்தோனேசிய மெஸ்ஸி" என்று தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களும் இதே ஆட்கள்தான். நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பையனின் காலில் எந்தக் குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எந்த வயதில் எந்த ஆட்டத்தை ஆட வேண்டுமோ அந்த ஆட்டம் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

எகி பிறந்தது 2000 ஜூலை 7, மேடானில். வடக்கு சுமத்ராவின் தலைநகரம். டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மாட்களின் வாரிசுகள் இன்றும் கம்போங் மெட்ராஸ் என்ற பகுதியில் இருக்கிறார்கள், 1884-ல் கட்டிய மாரியம்மன் கோயிலும் அங்கேதான். ஆனால் மேடான் என்றால் கால்பந்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிஎஸ்எம்எஸ் அணி. பச்சைச் சட்டை, முரட்டு ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு "ராப்-ராப்" என்று பெயரே உண்டு, வேகமும் உடம்போடு உடம்பு மோதுவதும் சேர்ந்த ஒரு பாணி. 1985-ல் ஜகார்த்தாவின் செனாயான் மைதானத்தில் பெர்சிப் பாண்டுங்கோடு இவர்கள் ஆடிய இறுதி ஆட்டத்துக்கு ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள் என்பது இன்றும் பேசப்படும் கணக்கு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, யாரோடும் மோதாமல், மோத வருகிற ஆளுக்குப் பந்தைக் காட்டிவிட்டுக் கடைசி நொடியில் இடது காலின் வெளிப்பக்கத்தால் தட்டி எடுத்துக்கொண்டு போகிற ஒல்லிப் பையன் ஒருவன் வந்தான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சின்ன வயதிலேயே அவனைக் கண்டுபிடித்து ஜகார்த்தாவுக்கு அழைத்துப் போனவர் சுபாக்ஜா சுய்ஹான் என்ற பயிற்சியாளர். ரகுனானில் உள்ள அரசு விளையாட்டுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படித்து, காலையும் மாலையும் பயிற்சி. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எகிக்குப் பதினைந்து வயது ஆகும் சமயத்தில்தான், 2015 மே மாதக் கடைசியில், அரசாங்கம் கால்பந்து சங்கத்துக்குள் மூக்கை நுழைத்ததால் ஃபிஃபா இந்தோனேசியாவைத் தடை செய்தது. அந்த வருடம் லீக்கே நின்றுபோனது. தடை நீங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. பெரிய ஆட்டக்காரர்களே ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடிச் சம்பாதித்த காலம் அது. பையன்களுக்கு யார் லீக் நடத்துவார்கள்? ஒழுங்கான இளையோர் லீக் என்று ஒன்று கிளப்புகளுக்கு வந்ததே 2017-க்கு அப்புறம்தான். ஆக, எகி கற்றுக்கொண்டதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பயிற்சியிலும், ஒரு வாரம் இரண்டு வாரம் நடக்கும் போட்டிகளிலும்தான்.

அந்த ஒரு வாரப் போட்டிகளில் அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! 2016-ல் ஸ்வீடனில் நடக்கும் கோத்தியா கோப்பைக்கு ஜகார்த்தாவின் ஏசியோப் அணியோடு போய்ப் பட்டத்தோடு வந்தார்கள், கோல்களைக் குவித்தது எகி. அடுத்த வருடம் பிரான்சில் இளையோர் தேசிய அணிகளுக்கான தூலோன் போட்டி. 2017 மே, ஜூன். எதிராளிகள் எல்லாம் அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள். இந்தோனேசியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, பிரேசிலிடம் 0-1, செக் குடியரசிடம் 0-2, ஸ்காட்லாந்திடம் 1-2. ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணியின் பதினாறு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்தப் போட்டியின் புதுக் கண்டுபிடிப்புக்கான விருதைக் கொடுத்தார்கள். முன்னால் ஜிடேனும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் வாங்கியது என்று சொல்லிச் சொல்லியே இந்தோனேசியப் பத்திரிகைகள் நாட்டைக் குலுக்கிவிட்டன.

செப்டம்பரில் யாங்கூனில் தென்கிழக்கு ஆசிய 18 வயதுக்குட்பட்டோர் போட்டி. பயிற்சியாளர் இந்த்ரா ஷாஃப்ரி. எகி 8 கோல். அரையிறுதியில் தாய்லாந்திடம் பெனால்டியில் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் போட்டியை நடத்திய மியன்மாரையே 7-1 என்று நொறுக்கினார்கள். அந்தப் போட்டியின் காட்சித் துண்டுகளைத் தேடிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது. வலது ஓரத்தில் நிற்பான், கால் இடது. பந்து வந்ததும் உடனே ஓட மாட்டான். ஒரு கணம் நின்று, எதிரே இருப்பவன் எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறான் என்று பார்ப்பான். அந்தக் காலின் பக்கமாகவே உள்ளே திரும்புவான், எடை வைத்த காலால் திரும்ப முடியாதல்லவா, அந்த அரை அடி இடைவெளி போதும் அவனுக்கு. தோளைக் குறுக்கிக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவே நுழைந்துவிடுவான். இதைப் பார்த்து யாரோ மெஸ்ஸி என்று சொல்ல, அந்தப் பெயர் அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

2018 மார்ச்சில் போலந்தின் லெஹியா க்டான்ஸ்க் கிளப் அவனை எடுத்துக்கொண்டதாக அறிவித்தது. மூன்று வருட ஒப்பந்தம், பத்தாம் எண் சட்டை. பால்டிக் கடலோரத்து ஊர், 2012 யூரோ கோப்பைக்காக அம்பர் கல்லின் நிறத்தில் கட்டிய அழகான மைதானம். அறிவித்த சில நாட்களுக்குள் அந்தக் கிளப்பின் இன்ஸ்டாகிராம் பக்கம் இந்தோனேசியர்களால் நிரம்பி வழிந்தது. பக்கத்தை நடத்துகிறவர்கள் எதைப் போட்டாலும் கீழே "எகி எங்கே" என்று ஆயிரம் பேர். போலந்துக்காரர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, போகப்போக எரிச்சலாகியிருக்கும்.

ஆனால் பையனுக்கு அப்போது பதினேழரை வயது. பதினெட்டு ஆகாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதியின் 19-வது பிரிவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்குப் பதினாறு போதும், மேடான் பையனுக்குப் பதினெட்டு முடிய வேண்டும். குழந்தைகளை ஏஜெண்டுகள் ஏமாற்றாமல் இருக்கக் கொண்டுவந்த நல்ல விதிதான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டு வருட வித்தியாசம் எதற்குச் சமம் என்று பாருங்கள். ஸ்லோவாக்கியப் பையன் பதினாறில் இத்தாலி அகாடமிக்குப் போய், அங்கே வாரம் ஓர் ஆட்டம் ஆடி, பதினெட்டில் பெரிய அணியின் கதவைத் தட்டுகிறான். லெஹியாவில் அப்போது இடது ஓரத்தில் இருந்த லூக்காஷ் ஹராஸ்லின் அப்படிப் பார்மா அகாடமி வழியாக வந்தவர்தான். எகியோ சொந்த ஊர் லீக்கிலேயே பெரியவர்களோடு ஓர் ஆட்டம்கூட ஆடாமல், பள்ளி விடுதியிலிருந்து நேராகப் போலந்தின் முதல் டிவிஷனுக்குப் போய் இறங்குகிறான்.

இதைத்தான் யாரும் பேசுவதில்லை. விங்கர், அதாவது ஓரத்தில் நின்று ஆடுகிறவன், அவன் வேலை பயிற்சி மைதானத்தில் கற்றுக்கொள்ளக் கூடியது இல்லை. நடுக்களத்து ஆளுக்காவது பாஸ் எங்கே போட வேண்டும் என்பதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து மண்டையில் ஏற்றலாம். விங்கர் எதிரே ஒருவனை வைத்துக்கொண்டு அவனைத் தாண்ட வேண்டும், பத்து முறை முயன்றால் ஆறு முறை பந்தை இழப்பான், அந்த ஆறு முறையும் பயிற்சியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழம் தின்று கொட்டை போட்ட முப்பது வயது டிஃபெண்டர் சட்டையைப் பிடித்து இழுப்பதையும், கணுக்காலில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு ரெஃப்ரியைப் பார்த்துச் சிரிப்பதையும் ஆட்டத்தில் அனுபவித்துத்தான் பழக வேண்டும். பதினேழிலிருந்து இருபது வரை ஒரு விங்கருக்கு அறுபது எழுபது பெரிய ஆட்டங்கள் வேண்டும், எங்கே ஆடுகிறான் என்பதுகூட இரண்டாம் பட்சம்.

லெஹியாவில் அது எப்படிக் கிடைக்கும்? 2018-19 பருவத்தில் அந்த அணி பல மாதங்கள் லீக்கின் உச்சியில் இருந்தது. பயிற்சியாளர் பியோத்ர் ஸ்தோகோவியெத்ஸ் ஒழுங்கும் கட்டுப்பாடுமாக, முதலில் கோல் விடாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்டம் ஆடவைத்தவர். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, பந்தை இழந்துவிட்டால் பின்னால் ஓடி வரத் தெரியாத பதினெட்டு வயதுப் பையனை எந்தப் பயிற்சியாளர் இறக்குவார்? நானாக இருந்தாலும் இறக்கியிருக்க மாட்டேன். டிசம்பர் 22-ம் தேதி குர்னிக் ஜாப்ஷேவுக்கு எதிராக வெற்றி உறுதியான பிறகு கடைசிச் சில நிமிடங்கள் கொடுத்தார். போலந்து லீக்கில் ஆடிய முதல் இந்தோனேசியன். ஜகார்த்தாவில் அன்று ராத்திரி தூங்காதவர்கள் எத்தனை பேரோ. லெஹியா அந்தப் பருவத்தில் போலந்துக் கோப்பையை ஜெயித்தது, லீக்கில் மூன்றாம் இடம், அப்புறம் சூப்பர் கோப்பையும். எகியின் கைக்கும் பதக்கம் வந்தது. ஆனால் மூன்று வருடத்தில் லீக்கில் அவன் களத்தில் இறங்கிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்களெல்லாம் இரண்டாம் அணியில், நாலைந்து படி கீழே இருக்கும் பிராந்திய லீக்கில். நடுவில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது.

இங்கே இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபரில் ஆசிய 19 வயதுக்குட்பட்டோர் போட்டி இந்தோனேசியாவில் நடந்தது. எகி போலந்திலிருந்து வந்தான். தைவானை 3-1 என்று ஜெயித்த முதல் ஆட்டத்தில் கோல் போட்டான். கத்தாரோடு 1-6 என்று பின்தங்கி, அங்கிருந்து எழுந்து 5-6 வரை வந்து தோற்ற அந்த ஆட்டத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன், என்னோடு பார்த்த மேடான் நண்பர் சோபாவில் உட்காரவே இல்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸை வித்தான் சுலைமானின் ஒரே கோலில் ஜெயித்துக் காலிறுதிக்குப் போனார்கள். அங்கே ஜப்பான். 0-2. ஜெயித்திருந்தால் அடுத்த வருட 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை.

அந்த ஜப்பான் அணியில் தக்கெஃபூசா குபோ இருந்தான். அவனும் இடது கால்காரன், அவனையும் மெஸ்ஸி என்றுதான் அழைத்தார்கள், அவனும் இதே 19-வது பிரிவில் மாட்டியவன்தான். பார்சிலோனா அகாடமியில் இருந்தவனை அந்த விதி காரணமாக ஆட முடியாமல் 2015-ல் ஜப்பானுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் திரும்பி வந்த இடத்தில் என்ன இருந்தது? பதினைந்து வயதிலேயே அவனை எஃப்சி டோக்கியோ தன் இளையோர் அணியோடு மூன்றாம் டிவிஷனில் இறக்கியது. அப்புறம் முதல் டிவிஷன், யோக்கஹாமாவில் தற்காலிகமாக ஆட ஒரு கடன் ஒப்பந்தம், வாரா வாரம் ஆட்டம். பதினெட்டு முடிந்ததும் ரியல் மாட்ரிட். எகிக்கும் அவனுக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை என்று நான் வாதாட வரவில்லை, குபோ வேறு ரகம்தான். ஆனால் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒருவனுக்குப் பெரியவர்களின் லீக் இருந்தது, இன்னொருவனுக்கு ஃபிஃபா தடையும் பள்ளி மைதானமும் இருந்தது. இதைச் சொல்லாமல் இருவரையும் ஒப்பிடுவது அநியாயம்.

2021-ல் ஒப்பந்தம் முடிந்தது. ஸ்லோவாக்கியாவின் செனித்சா. சின்ன ஊர், சின்னக் கிளப். அங்கேதான் தொடர்ந்து ஆடினான், கோலும் அடித்தான். முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை செய்த தப்பை அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு. அந்த மாற்றம் எப்படித் தெரிந்தது என்றால், 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசியக் கோப்பையில். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய், எல்லா ஆட்டமும் இங்கேயே நடந்த போட்டி. கிளப் விடுவித்து, போட்டியின் பாதியில்தான் எகி வந்து சேர்ந்தான். கிறிஸ்துமஸ் அன்று சிங்கப்பூரோடு அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். இந்தோனேசியக் கோல்கீப்பர் நாதியோ கடைசி நேரத்தில் பெனால்டியைத் தடுத்து, 2-2 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. சிங்கப்பூர்க்காரர்கள் ஆட்களை இழந்தும் விடாமல் போராடினார்கள், அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 107-வது நிமிடம் எகி நாலாவது கோலைப் போட்டு முடித்து வைத்தான். இறுதியில் தாய்லாந்திடம் முதல் ஆட்டமே 0-4, கதை முடிந்துவிட்டது, ஆனாலும் இரண்டாம் ஆட்டத்தில் 80-வது நிமிடம் அவன் அடித்த சமன் கோலை ஒரு தடவை பாருங்கள். போலந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் இல்லை அவன்.

இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்த நேரத்தில் செனித்சா பணநெருக்கடியில் சிக்கி, 2022-ல் முதல் டிவிஷன் உரிமத்தையே இழந்தது. எகியும், அங்கே வந்து சேர்ந்திருந்த வித்தானும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஸ்லாத்தே மொராவ்ட்ஸே என்ற இன்னொரு ஸ்லோவாக்கியக் கிளப்பில் அரை பருவம். அப்புறம் 2023 ஜனவரியில் இந்தோனேசியாவின் தேவா யுனைடெட்.

அவன் திரும்பி வந்த நேரம் இந்தோனேசியக் கால்பந்துக்கு ரொம்ப மோசமான நேரம். 2022 அக்டோபர் 1-ம் தேதி கஞ்சுருஹான் மைதானத்தில் போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகையால் ஏற்பட்ட நெரிசலில் 135 பேர் செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயதில், அதுவரை ஆடியே இராத சொந்த நாட்டு லீக்கில் முதல் ஆட்டம் ஆடினான் எகி. தலைகீழ் வரிசை. மற்றவர்கள் தொடங்கும் இடத்துக்கு அவன் ஐந்து வருடம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தான்.

"வந்துவிட்டானே" என்று ஏளனமாகப் பேசியவர்களுக்கு 2024 மார்ச் 21-ம் தேதியைத்தான் காட்டுவேன். ஜகார்த்தா, கேலோரா புங் கார்னோ மைதானம், உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று, எதிரே வியட்நாம். பல வருடமாக இந்தோனேசியாவின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த அணி. கோலில்லாத முதல் பாதி. 52-வது நிமிடம் பிரத்தாமா அர்ஹான் ஓரக்கோட்டிலிருந்து கையால் நீளமாக வீசுகிறான், கார்னர் உதை மாதிரி கோலுக்கு முன்னாலேயே வந்து விழும் வீச்சு. வியட்நாம் டிஃபெண்டர் பந்தை வெளியே தள்ளத் தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றத்துக்குள் எகி புகுந்து, பந்தைப் பறித்து, யோசிக்காமல் அடித்தான். 1-0. அந்த ஒரே கோல்தான் ஆட்டம். ஐந்து நாள் கழித்து ஹனோயில் 3-0 என்று ஜெயித்தார்கள், வியட்நாம் பயிற்சியாளர் துரூசியே அன்று ராத்திரியே வேலையை இழந்தார். இந்தோனேசியா மூன்றாம் சுற்றுக்குப் போனதற்குப் பாதை போட்டது அந்த இரண்டு வெற்றிகள்.

அந்தச் சமயத்திலிருந்து தேசிய அணியே மாறிவிட்டது. நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த, இந்தோனேசியப் பூர்வீகம் உள்ள ஆட்டக்காரர்கள் குடியுரிமை பெற்று வரிசையாக வந்தார்கள். ஜே இட்ஸெஸ், தாம் ஹாயே, ராக்னார் ஓரத்மாங்குன் என்று பட்டியல் நீளம். எனக்கு அவர்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை, தாத்தா பாட்டியின் நாட்டுக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏழெட்டு வயதிலிருந்து நெதர்லாந்தில் வாரா வாரம் லீக் ஆடி வந்தவர்கள் என்பதைக் கவனிக்காமல், "பார், ஐரோப்பாவில் ஆடினால் இப்படி இருக்க வேண்டும்" என்று எகியை அவர்களோடு வைத்துப் பேசுவதுதான் தாங்க முடியவில்லை. உள்ளூரில் வளர்ந்தவர்களில் முன்னால் வந்து நின்றது மார்செலினோ ஃபெர்டினான். 2024 நவம்பரில் சவூதியை 2-0 என்று ஜெயித்தபோது இரண்டு கோலும் அவனுடையவை. அவன் பெல்ஜியத்துக்கும் இங்கிலாந்துக்கும் போவதற்கு முன்னால், பதினேழு வயதிலேயே, சுராபாயாவின் பெர்செபாயாவுக்காகப் பெரியவர்களின் லீக்கில் ஆடிவிட்டான். எகிக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்தது. அப்படியும் ஐரோப்பாவில் ஆடும் நிமிடங்களுக்குத் திணறினான் என்றால் இது எத்தனை கஷ்டமான பாதை என்று யோசித்துப் பாருங்கள்.

எகி இப்போது தேவா யுனைடெட்டில்தான். 2024-25 பருவத்தில் பெர்சிப்புக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள், யான் ஓல்டே ரீகெரிங்க் என்ற டச்சுக்காரர் பயிற்சியாளர், பந்தை வைத்துக்கொண்டு ஆடும் அணி. இணையத்தில் நேரலை கிடைக்கும் ஆட்டங்களை நான் விடுவதில்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் குறைத்துக்கொண்டான், உள்ளே வந்து, டிஃபெண்டர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையே உள்ள சந்தில் பந்தை வாங்கித் திரும்புகிறான். ஒரு கணம் நின்று எதிராளியின் காலைப் பார்க்கும் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது பத்தில் ஆறு தடவை தானே புகுவதில்லை, பக்கத்தில் ஓடுகிறவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிக்கொள்கிறான். எனக்கு இந்த எகியைப் பிடித்திருக்கிறது. யாங்கூன் எகியைவிடவே பிடித்திருக்கிறது என்று சொன்னால் மேடான் நண்பர் சண்டைக்கு வருவார், வரட்டும்.